எந்தக் கத்தரிக்கோல் கூடலூருக்கு வரும்?

(சிறுசேரியில் தகவல் தொழில்நுட்பத் துறை நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



'மரபணுத் திருத்தக் கருவிகள்: ஓர் ஒப்பீடு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். ஒப்பீடு என்றதும் உங்கள் தொழிலில் ஓர் அட்டவணை போடுவீர்கள். வேகம், துல்லியம், செலவு, பிழை விகிதம். என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலும் அப்படி ஓர் அட்டவணை இருக்கிறது. இன்று அதை வேறொரு முனையிலிருந்து போட்டுப் பார்க்கலாம். நீலகிரி மாவட்டம் கூடலூரில் அரிவாள் செல் சோகையோடு வாழும் ஒரு பணியர் பெண்ணின் கட்டிலருகே நின்று இந்தக் கருவிகளைப் பார்த்தால் எது முதலில் வரும், எது கடைசியில் நிற்கும்?

ஏன் நீலகிரி? இந்தியாவில் இந்த நோயின் கூறு முதன்முதலில் பதிவானது அங்கேதான். 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து, அதை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அவர்கள் தேடிப் போனது சிகிச்சையை அல்ல. ஆப்பிரிக்காவுக்கும் தென்னிந்தியாவுக்கும் இடையே பழைய இனத் தொடர்பு ஏதும் உண்டா என்ற கேள்வியோடு போனார்கள். ரத்தம் எடுக்கப்பட்டது, கட்டுரை வந்தது, மலையில் வலி அப்படியே இருந்தது. இந்த நோய்க்கான உலகின் முதல் மரபணுத் திருத்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது 2023 நவம்பரில், பிரிட்டனில். நடுவே 71 ஆண்டுகள்.

நோயை முதலில் சொல்லிவிடுகிறேன். கருவிகளை அதன் மேல் வைத்தால்தான் வித்தியாசம் புரியும். ரத்தச் சிவப்பணுவில் உயிர்வளியைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதில் பீட்டா குளோபின் என்ற பகுதியைச் செய்வதற்கான குறிப்பில் ஜிஏஜி என்று இருக்கும் இடத்தில் ஜிடிஜி என்று இருக்கிறது. முன்னூறு கோடி எழுத்துகளில் ஓர் எழுத்து. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் இது வந்தால் சிவப்பணு நெகிழ்வை இழந்து கதிர் அரிவாள் போல வளைகிறது. சின்ன ரத்தக் குழாய்களில் போய் அடைக்கிறது. எலும்பைப் பிளக்கும் வலி வரும், மண்ணீரல் கெடும், சின்ன வயதிலேயே பக்கவாதம்கூட வரலாம்.

பாடப்புத்தகம் இதைக் குறைபாடு என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடும். ஒரே ஒரு பிரதி உள்ளவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து நல்ல பாதுகாப்பு கிடைக்கிறது. அதனால்தான் மலேரியாக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களிடம் இந்த எழுத்து நிலைத்தது. விதர்பாவில் மகர் மக்களிடமும் குன்பி, தேலி போன்ற பிற்பட்ட சாதிகளிடமும் இது உண்டு. 'பழங்குடி நோய்' என்ற பெயர் பாதி உண்மைதான்.

இனி கருவிகள். உங்களுக்கு 'தேடி மாற்று' கட்டளை தெரியும். மரபணுத் திருத்தமும் இரண்டு வேலைதான். முன்னூறு கோடி எழுத்துகளில் ஒரு முகவரியைக் கண்டுபிடிப்பது, அங்கே எதையாவது செய்வது. ஆனால் இங்கே அன்டூ கிடையாது, பேக்கப்பும் கிடையாது.

முதல் தலைமுறைக் கருவியின் பெயர் ஜிங்க் ஃபிங்கர் நியூக்ளியேஸ். 1996இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீனிவாசன் சந்திரசேகரனின் குழு இதை உருவாக்கியது. நம்மூர்ப் பெயர்தான், ஆனால் கிரிஸ்பர் பேச்சில் யாரும் அவரைச் சொல்வதில்லை. இதில் முகவரியைப் படிப்பது புரதம். ஒரு 'விரல்' மூன்று எழுத்தைப் படிக்கும். விரல்களைக் கோத்து நீண்ட முகவரியைப் படிக்க வைத்து, ஃபோக்-ஒன் என்ற வெட்டும் நொதியை வாலில் ஒட்டினார்கள். சிக்கல் என்னவென்றால் முகவரி மாறும்போதெல்லாம் புதுப் புரதம் செய்ய வேண்டும். பக்கத்து விரல் மாறினால் இந்த விரலின் படிப்பும் மாறும். பணமும் பொறுமையும் உள்ள ஆய்வகங்களுக்கே அது கட்டுப்படியானது.

அடுத்தது டேலன். இதன் மூலம் நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் நோயைக் கொண்டுவரும் சாந்தோமோனாஸ் வகைக் கிருமிகள். நம் செங்கல்பட்டு மாவட்டத்து நெல் விவசாயிகளுக்கு அந்த நோய் தெரியும். செடியின் மரபணுக்களைத் தன் வசதிக்கு முடுக்கிவிட இந்தக் கிருமி ஒரு புரதத்தைச் செலுத்துகிறது. அந்தப் புரதத்தின் ஒவ்வொரு துண்டும் ஒரே ஓர் எழுத்தைப் படிக்கிறது என்ற ரகசியம் 2009இல் உடைந்தது. ஓர் எழுத்துக்கு ஒரு துண்டு என்பதால் வடிவமைப்பது சுலபம். ஆனால் புரதம் மிகப் பெரியது, செல்லுக்குள் கொண்டுபோவது சிரமம்.

பிறகு கிரிஸ்பர். வைரஸை அடையாளம் கண்டு வெட்ட பாக்டீரியாக்கள் வைத்திருக்கும் தற்காப்பு முறை. அதை நாம் விரும்பிய முகவரிக்கு அனுப்பலாம் என்று இமானுவேல் ஷார்பென்டியே, ஜெனிஃபர் டௌட்னா குழு 2012இல் காட்டியது. 2020இல் வேதியியல் நோபல். இதில் புரதம் எப்போதும் ஒன்றுதான், காஸ்-9. முகவரியைச் சொல்வது சுமார் இருபது எழுத்துள்ள வழிகாட்டி ஆர்என்ஏ. முகவரியை மாற்ற இருபது எழுத்தைத் தட்டச்சு செய்து ஆர்டர் கொடுத்தால் போதும். சில நூறு ரூபாயில் வந்துவிடும். உதவித்தொகை மாதக்கணக்கில் வராத காலத்திலும் என்னைப் போன்ற ஆய்வு மாணவர் ஒருவர் வேலை பார்க்க முடிந்ததற்குக் காரணம் இதுதான். ஒரு தொழில்நுட்பம் மலிவானால் யார் உள்ளே வர முடிகிறது என்பதும் அதோடு மாறுகிறது.

ஆனால் கத்தரி என்ற உவமை ஒன்றை மறைக்கிறது. வெட்டுவது மட்டும்தான் கருவியின் வேலை. ஒட்டுவது செல். அது அவசரமாக ஒட்டும். ஒட்டும்போது சில எழுத்துகள் விழும், சில நுழையும். ஆக, வெட்டும் கருவி ஒரு மரபணுவைக் கெடுப்பதில் கெட்டிக்காரன், திருத்துவதில் சுமார். சரியான வாசகத்தைக் கூடவே கொடுத்தால் செல் அதைப் பார்த்து எழுதும், ஆனால் எல்லாச் செல்லும் எழுதாது. சில சமயம் பெரிய துண்டே காணாமல் போகும்.

2023இல் அனுமதி பெற்ற கஸ்கெவி என்ற மருந்து இந்தக் கெடுக்கும் திறமையைத்தான் பயன்படுத்துகிறது. அரிவாள் நோய்க்குக் காரணமான எழுத்தை அது தொடுவதே இல்லை. கருவில் இருக்கும்போது நமக்கு வேறொரு ஹீமோகுளோபின் இருக்கும். பிறந்த சில மாதங்களில் பிசிஎல்-11ஏ என்ற மரபணு அதை அணைத்துவிடும். ரத்த செல்களில் அந்த அணைக்கும் விசையைக் கஸ்கெவி கெடுக்கிறது. கருக்கால ஹீமோகுளோபின் திரும்ப வருகிறது, செல் வளைவதில்லை. சோதனையில் போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து 12 மாதங்களாவது கடும் வலித் தாக்குதல் இல்லை. பெரிய விஷயம் இது, குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

வெட்டாமலே திருத்த முடியாதா? 2016இல் டேவிட் லியூவின் ஆய்வகத்தில் அலெக்சிஸ் கோமோர் செய்த எழுத்துமாற்றி அதற்கான பதில். காஸ்-9இன் வெட்டும் பல்லை மழுங்கடித்து, ஓர் எழுத்தை வேதிமாற்றம் செய்யும் நொதியை ஒட்டினார்கள். சியை டியாக மாற்றலாம், அடுத்த ஆண்டு வந்த வடிவத்தில் ஏயை ஜியாக மாற்றலாம். இழையின் இரு பக்கமும் உடைவதில்லை. ஆனால் அரிவாள் நோய்க்குத் தேவையான டியிலிருந்து ஏ என்ற மாற்றம் இந்த இரண்டுக்கும் கைவராது. சுற்றுவழி உண்டு. ஜிடிஜியை ஜிசிஜி ஆக்கலாம். அது மகாசர் என்ற, நோய் தராத ஹீமோகுளோபினைத் தரும், முதலில் இந்தோனேசியாவில் கண்டறியப்பட்டது. அல்லது கருக்கால ஹீமோகுளோபின் மரபணுவின் வாசலில் எழுத்தை மாற்றி அதை எழுப்பலாம். வேலூர் சி.எம்.சி. வளாகத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆய்வு மையத்தில் மோகன்குமார் முருகேசன் குழு, எந்தெந்த எழுத்தை மாற்றினால் அது எழும் என்று எழுத்து எழுத்தாகத் துழாவி 2022இல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் நடந்த வேலை, நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2019இல் வந்த பிரைம் எடிட்டிங், தேடி மாற்றுவதற்கு மிக அருகில் வருகிறது. புது வாசகத்தை வழிகாட்டி ஆர்என்ஏவிலேயே எழுதி அனுப்பலாம். எந்த எழுத்தையும் எந்த எழுத்தாகவும் மாற்றலாம், டியை ஏ ஆக்குவது உட்பட. ஆனால் இயந்திரம் பெரியது, இடத்துக்கு இடம் திறன் மாறும்.

இதுவரை சொன்னது ஆய்வேட்டு அட்டவணை. இதில் பிரைம் எடிட்டிங் முதலில் வரும், ஜிங்க் ஃபிங்கர் கடைசியில். இப்போது கூடலூருக்குப் போவோம்.

கஸ்கெவி ஊசி போட்டு அனுப்பும் மருந்தல்ல. நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை இயந்திரம் வைத்துப் பிரித்தெடுக்க வேண்டும், சில சமயம் பலமுறை. ஆய்வகத்துக்கு அனுப்பித் திருத்தி, பரிசோதித்து, உறையவைத்துத் திரும்பக் கொண்டுவர மாதங்கள் ஆகும். அதற்குப் பிறகு பஸல்ஃபான் என்ற கடும் மருந்தைக் கொடுத்து எலும்பு மஜ்ஜையில் உள்ள பழைய செல்களை அழிக்க வேண்டும். புதியவை வேர்பிடிக்கும் வரை வாரக்கணக்கில் தனி அறை. பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய். விலையை மட்டும் பேசுகிறோம். இலவசமாகவே கொடுத்தாலும், தேயிலைத் தோட்டக் கூலி வேலைக்குப் போகும் ஒருத்தியால் இந்த மாதங்களை எங்கே வைக்க முடியும்? கருவுறும் திறனைப் பணயம் வைக்கச் சொல்லும்போது, கருமுட்டையை உறையவைக்கும் வசதி அவளுக்கு எங்கே?

அந்த நோக்கில் எழுத்துமாற்றியோ பிரைம் எடிட்டரோ வந்தாலும், செல்லை வெளியே எடுத்துத் திருத்தும் முறை இருக்கும்வரை பஸல்ஃபான் இருக்கும். கத்தரி எவ்வளவு நுணுக்கம் என்பது அவள் படுக்கையில் பெரிய வித்தியாசம் செய்யாது. வித்தியாசம் செய்யப்போவது, கருவியை உடலுக்குள்ளேயே அனுப்பும் வழி. 2025இல் பிலடெல்பியாவில் கேஜே என்ற கைக்குழந்தைக்கு, அவன் ஒருவனுக்காகவே செய்த எழுத்துமாற்றியைக் கொழுப்பு நுண்துகளில் பொதிந்து நரம்பு வழி செலுத்தினார்கள். ஆறே மாதத்தில் தயாரான மருந்து. கொரோனா எம்ஆர்என்ஏ தடுப்பூசியின் அதே பொதி முறை. ஆனால் அந்தத் துகள் இயல்பாகப் போய்ச் சேருவது கல்லீரலுக்கு. எலும்பு மஜ்ஜைக்கு நம்பகமாகப் போய்ச் சேரும் துகளுக்காகப் பல ஆய்வகங்கள் உழைக்கின்றன. என் அட்டவணையில் அதற்குத்தான் முதல் இடம்.

துல்லியம் பற்றியும் ஒரு கேள்வி: யாருடைய டிஎன்ஏவில் துல்லியம்? வழிகாட்டியின் இருபது எழுத்து வேறெங்கும் ஒட்டுமா என்று ஒரு மாதிரி மரபுத்தொகுதியை வைத்துச் சோதிப்பார்கள். 2023இல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று, பிசிஎல்-11ஏ வழிகாட்டி மாதிரித் தொகுதியில் இல்லாத ஓர் இடத்திலும் ஒட்டி வெட்டக்கூடும் என்று காட்டியது. ஆப்பிரிக்க வம்சாவளியினரில் ஒரு பகுதியினரிடம் இருக்கும் ஒரு மாற்று எழுத்துதான் காரணம். மருந்து யாருக்காகவோ அவர்கள்தான் சோதனை மாதிரியில் இல்லை. இந்தியாவில் ஜீனோம் இந்தியா திட்டம் 83 சமூகக் குழுக்களிலிருந்து பத்தாயிரம் பேரின் தொகுதியைப் படித்து 2025 ஜனவரியில் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்தது. நல்லது. பணியரும் குறும்பரும் அந்தச் சோதனையில் தனியாகப் பார்க்கப்பட வேண்டும் என்று கேட்பது, எந்த மருந்துக்கும் இருக்க வேண்டிய பாதுகாப்புச் சோதனை. யாரும் அதைச் சலுகை ஆக்கிவிடக் கூடாது.

ஏன் குழுவாரியாக வேறுபாடு? இங்கேதான் நம் விஷயம் வருகிறது. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த கட்டுரை, சாதியின் சாரம் அகமணம் என்றது. நூறாண்டு கழித்து, 2017இல் ஹைதராபாத் சிசிஎம்பியின் குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் குழு தெற்காசியாவில் 263 குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்களில் அகமணத்தின் தடம், உலகில் அதற்குப் பேர்போன ஃபின்லாந்து மக்களையும் அஷ்கனாசி யூதர்களையும்விட அழுத்தமாக இருந்தது. இதைக் கேட்டதும் சிலர் 'பார்த்தீர்களா, சாதி ஜீனிலேயே இருக்கிறது' என்று கிளம்புவார்கள். நேர் எதிர். அந்தத் தடத்தைப் போட்டது கல்யாண மண்டபம். சாதிக்கென்று ஒரு முகவரி எந்தக் குரோமோசோமிலும் இல்லை. அரிவாள் எழுத்து மட்டும் அகமணத்தால் பிறந்ததல்ல, மலேரியாவால் நிலைத்தது. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. சாதி மறுப்புத் திருமணத்தை மரபுநோய்க்கான தடுப்பூசி போல விற்கிறார்கள் நம் நண்பர்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவரையொருவர் விரும்பிச் சமமாக வாழ்வதற்கு ஹீமோகுளோபின் அறிக்கை தேவையில்லை.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டம், 2047க்குள் அரிவாள் நோயை ஒழிப்பதாகச் சொல்கிறது. நாற்பது வயது வரை உள்ள ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. சோதித்து அட்டை தருகிறார்கள். இரண்டு பேருமே கடத்திகளாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தத் தகவல் மக்களுக்கு வேண்டும்தான். ஆனால் ஜாதகம் பார்க்கும் நாட்டில் அந்த அட்டை பெண்ணின் கழுத்தில்தான் முதலில் தொங்கும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் இந்த நோயைப் பட்டியலில் சேர்த்தது. அதே சட்டத்தின் 34ஆம் பிரிவில் அரசு வேலைக்கான நான்கு விழுக்காட்டில் ரத்த நோயாளிகளுக்குப் பங்கில்லை. அட்டை கொடுக்கிறார்கள், வேலை கொடுப்பதில்லை.

மருந்து? ஹைட்ராக்சியூரியா என்ற மலிவான மாத்திரை இருக்கிறது. அது செய்வதும் கஸ்கெவி குறிவைப்பதையேதான்: கருக்கால ஹீமோகுளோபினை ஓரளவு உயர்த்துவது. முழுக் குணமல்ல, தினமும் போட வேண்டும், ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கூடலூரில் அஸ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்கள் பல ஆண்டுகளாக இந்தக் கவனிப்பைத் தருகின்றன. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அந்த மாத்திரை தடையில்லாமல் கிடைப்பது, இன்றைய தேதியில் எந்த எடிட்டரையும்விட அதிக வலியைக் குறைக்கும்.

அப்படியானால் மரபணுத் திருத்தம் பணக்காரச் சமாச்சாரம் என்று விட்டுவிடலாமா? கூடாது. மாத்திரைதான் அவர்களுக்கு, குணம் நமக்கு என்பதும் ஒரு வர்ணப் பிரிவினைதான். இரண்டையும் கேட்க வேண்டும்.

இங்கேயே செய்ய முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. வேலூரில் ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு, அவர்களின் சொந்த ஸ்டெம் செல்லில் நல்ல மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். அது திருத்தம் அல்ல, சேர்ப்பு. ஆனால் செல்லை எடுப்பது, கையாள்வது, மஜ்ஜையைத் தயார்செய்வது எல்லாம் அதே படிகள். ஐவருக்கும் ரத்தப்போக்கு நின்றது, 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்டது. டெல்லியின் ஐஜிஐபி நிறுவனத்தில் தேபஜோதி சக்ரவர்த்தி குழு, ஃபிரான்சிசெல்லா என்ற வேறொரு பாக்டீரியாவின் காஸ்-9ஐ மேம்படுத்தியது. தவறான முகவரியில் வெட்டுவது அதில் குறைவு. அதை வைத்து அரிவாள் நோய்க்கான சிகிச்சையை உருவாக்கி, பிர்சா முண்டாவின் 150ஆம் பிறந்த ஆண்டில், 2025 நவம்பரில், 'பிர்சா 101' என்று பெயரிட்டுத் தொழில்நுட்பத்தை சீரம் இன்ஸ்டிட்யூட்டுக்கு மாற்றிக்கொடுத்தார்கள். பெயர் ஓர் ஆதிவாசிப் போராளியுடையது. ஆய்வுக்கான பணம் பொதுமக்களுடையது. உற்பத்தி தனியாருடையது.

இந்த மூன்றையும் வேறு மாதிரி அடுக்கவும் முடியும். இங்கிருந்து பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. கடற்கரை இருளரும் நீலகிரி இருளரும் பெயரளவில் ஒன்று, வாழ்விலும் மொழியிலும் வேறு. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். மருந்தின் மூலப்பொருளில் இவர்கள் உறுப்பினர்கள். 1952இல் ரத்தம் கொடுத்தவர்களுக்கு எந்தச் சங்கமும் இல்லை.

திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போனால் திருமணி வரும். அங்கே நூறு ஏக்கரில் ஒன்றிய அரசின் ஹெச்எல்எல் பயோடெக் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம். 2012இல் 594 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்றது. கொரோனா இரண்டாம் அலையில் ஊரெல்லாம் ஊசிக்கு வரிசையில் நின்றபோது, அங்கிருந்து ஒரு குப்பி வெளிவரவில்லை. 2021 மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் பார்த்து, வளாகத்தை மாநிலத்திடம் குத்தகைக்குத் தரும்படி கேட்டார். உடலுக்குள் அனுப்பும் எடிட்டர் என்பது எம்ஆர்என்ஏவும் கொழுப்புத் துகளும்தான் என்று சொன்னேன் அல்லவா, அதைத் தயாரிக்கத் தடுப்பூசி ஆலையின் வசதிகளோடு கூடுதல் கருவிகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். நாளையே முடியும் என்று சொல்லவில்லை. கட்டடமும் நிலமும் பொதுச் சொத்தாக உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கின்றன என்றுதான் சொல்கிறேன்.

அதனால் ஒரு சின்ன வேலையோடு முடிக்கிறேன். பிர்சா 101 உரிம ஒப்பந்தத்தில் விலைக்கு உச்சவரம்பு உண்டா, அரசு மருத்துவமனைகளுக்கு முன்னுரிமை உண்டா, பழங்குடி மாவட்டங்களுக்கு எத்தனை சிகிச்சைகள் என்ற மூன்று கேள்விகளோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். கட்டணம் பத்து ரூபாய், இணையத்திலேயே அனுப்பலாம். ஒருவர் அனுப்பினால் 'வணிக ரகசியம்' என்று ஒரே வரியில் பதில் வரும். முறையீட்டுக்குப் போக வேண்டியிருக்கும், அதற்குச் சட்டம் தெரிந்தவர்கள் இரண்டு பேர் வேண்டும். வரைவு என் மடிக்கணினியில் இருக்கிறது. கேள்வி நேரம் முடிந்ததும் பின் வரிசை மேசைக்கு வாருங்கள்.